காட்டோரத்தில் குடித்தனம்: வன்னிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் எங்கள் பக்கம், அதாவது ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில், காணி பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "யானை வருமா?" என்றுதான். வரும். கரடியும் வரும். பன்றி நாள் தவறாமல் வரும். ஆனால் கேட்க வேண்டியது அதுவல்ல, எதற்கு வரும் என்பது. நெல்லுக்கு வரும், உப்புக்கு வரும், பழத்துக்கும் தண்ணீருக்கும் வரும். பாம்பு எலிக்கு வரும், சிறுத்தை நாய்க்கும் ஆட்டுக்கும் வரும். இவற்றை எங்கே வைப்பது, எந்த நேரத்தில் எந்த வேலையைச் செய்வது என்று பழகிக்கொண்டால் பிள்ளைகுட்டியோடு காட்டோரத்தில் இருக்கலாம். பெரிய துணிச்சல் தேவையில்லை. வீட்டு வேலையில் ஒழுங்கு இருந்தால் போதும்.

காணி வாங்கும் முன்

காணியை மாரியில் பார்க்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் வன்னியில் எல்லாக் காணியும் அழகுதான். குளம் வான் பாயும், கிணற்றில் குனிந்து தண்ணீர் அள்ளலாம். ஆவணியில் வந்து பாருங்கள். கிணற்றில் எவ்வளவு மிஞ்சுகிறது, மிருகங்கள் தண்ணீருக்கு எந்த வழியால் குளத்துக்கு இறங்குகின்றன என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். யானைகள் காட்டுக்கும் குளத்துக்கும் போய்வரப் பழகிய தடங்களைத்தான் திரும்பத் திரும்பப் பாவிக்கும். தடத்துக்குக் குறுக்கே கிடக்கிற காணி மலிவாக வரும். ஏன் மலிவு என்று விற்கிறவர் சொல்லமாட்டார். பக்கத்தில் மாட்டுப்பட்டி வைத்திருக்கிற வயதான ஒருவரைப் பிடித்து, "ஐயா, யானை எந்தப் பக்கத்தால இறங்கும்?" என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கை உங்கள் காணிப் பக்கம் நீண்டால் வேறு காணி பாருங்கள்.

காணி வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் விழவில்லை என்று கிராம அலுவலரான விதானையாரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் வாங்குங்கள். கையோடு கண்ணிவெடி பற்றியும் விசாரியுங்கள். 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு ஊர்மனைகளில் பெரும்பகுதி துப்புரவாக்கப்பட்டுவிட்டது. என்றாலும் பற்றை வெட்டும்போதும் கிணறு தோண்டும்போதும் ஏதாவது தட்டுப்படுவது இன்றைக்கும் உண்டு. பற்றைக்கு நெருப்பு வைத்துக் காணி துப்புரவாக்க வேண்டாம். மண்ணுக்குள் கிடக்கிற வெடிபொருள் சூட்டில் வெடிக்கும். துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல், குச்சியால் தட்டிப் பார்க்காமல், வந்த வழியே திரும்பி வந்து பொலிஸுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பாம்பைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கும் முன் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

முற்றமும் வீடும்

வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் வெறும் மண்ணாக முற்றம் விடுங்கள். புல் வேண்டாம், பூச்சாடி வரிசை வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாசலோடு புல்தரை போட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, புடையன் பாம்புக்கும் பிடித்துப்போயிற்று.

எங்கள் மாமி விளக்கு வைக்கும் முன் முற்றத்தைக் கூட்டிவிடுவார். விளக்கு வைத்த பிறகு கூட்டினால் லட்சுமி போய்விடும் என்பது அவருடைய கணக்கு. எனக்கு வேறு கணக்கு. பொழுதுபடக் கூட்டிய முற்றத்தில், இரவு வந்துபோனவர்கள் எல்லோரும் விடிய எழுதியிருப்பார்கள். பாம்பு நெளிந்த கோடு, உடும்பு வாலை இழுத்த கோடு, முள்ளம்பன்றியின் முள், நரி நேராக வைத்துப்போன கால். பிள்ளைகள் பல்லுத்தீட்டிக்கொண்டே அதை வாசிப்பார்கள். கோடு விறகுக் குவியலுக்குள் போய்த் திரும்பி வரவில்லை என்றால், அன்றைக்கு யாரும் அந்தக் குவியலில் கை வைக்கக்கூடாது.

யானைத் தடம் கிடந்தால் ஒரு கயிற்றை எடுத்து முன்காலின் சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள். அதை இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழ அந்த யானையின் தோள் உயரம் வரும். என் மகன் பெருக்கல் பழகியது இப்படித்தான். பெரிய தடம் தனியாகக் கிடந்தால் ஆண் யானை. சின்னதும் பெரிதுமாகக் கலந்து கிடந்தால் குட்டியோடு வந்த கூட்டம். இலத்தியில் ஈரமும் சூடும் இருந்தால் அது இன்னும் தூரம் போகவில்லை. பள்ளிக்கூடம் பிந்தினாலும் பரவாயில்லை, பிள்ளைகளை விடாதீர்கள்.

மலசலகூடத்தை வீட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். பழைய வழக்கப்படி வளவின் மூலையில் கட்டினால் இரவில் யாராவது எழும்பிப் போகத்தான் வேண்டும். யானை இருட்டில் நின்றால் பத்தடியில் நின்றாலும் தெரியாது, சத்தமும் வராது. கிணற்றுக்குக் கட்டாயம் கட்டு எழுப்புங்கள். கட்டில்லாக் கிணற்றில் மாடும் விழும், பன்றியும் விழும், பிறகு அந்தத் தண்ணீரை யார் குடிப்பது?

யானை

யானைக்குக் கண் அவ்வளவு கூர்மையில்லை, மூக்குத்தான் எல்லாம். தை, மாசியில் காலபோக நெல் வெட்டி மூட்டை கட்டி வீட்டுக்குள் அடுக்கியதும் அந்த வாசம் அதற்குப் போய்விடும். மண்சுவரோ கல்சுவரோ, நெற்றியால் தள்ளித் துதிக்கையை உள்ளே விடும். ஆகவே விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும் போக மிச்சத்தைக் களத்திலேயே விற்றுவிடுங்கள். விலை குறைவு என்று காத்திருக்கிறவர்கள், ஊர் நடுவில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். வீட்டில் வைக்கிற நெல்லைப் படுக்கிற அறையில் வைக்காதீர்கள். நெல் இருக்கிற அறையின் சுவரோடு கட்டிலைப் போடவும் வேண்டாம். யானை உங்களைத் தேடி வருவதில்லை, ஆனால் இடிகிற சுவர் யார் மேல் விழுகிறது என்று அது பார்ப்பதுமில்லை.

உப்பும் அப்படித்தான். உப்பு, கருவாடு, புளி எல்லாம் மூடி இறுக்கிய போத்தலில் இருக்க வேண்டும். குசினி வெளியே தனியாக இருந்தால் இரவில் அவற்றை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். கள்ளச்சாராயம் காய்ச்சப் போடுகிற கசிப்புக் கோடாவின் வாசத்துக்கும் யானை வரும். பக்கத்துக் காட்டில் யாரோ கோடா போட்டிருப்பதை ஊருக்கு முதலில் அறிவிப்பது பல வேளை யானைதான்.

பலாவும் வாழையும் வீட்டு வாசலில் நட வேண்டாம். வாழை வேண்டுமென்றால் வளவின் பின்பக்கம், படுக்கிற அறைக்குத் தூரமாக நடுங்கள், போனால் போகட்டும் என்ற மனதோடு. தென்னம்பிள்ளையும் வடலியும் யானைக்கு உயிர். தேசி, தோடை போன்றவற்றை அது அவ்வளவாகத் தொடுவதில்லை, ஆகவே வீட்டுக்குப் பக்கத்தில் அவற்றை வையுங்கள். விளாமரமும் பனந்தோப்பும் ஏற்கெனவே வளவில் நின்றால் வெட்டச் சொல்லமாட்டேன். பழம் விழுகிற காலத்தில் மட்டும் நேரம் பார்த்து நடவுங்கள். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் பொறுக்க விடியற்காலையில் பிள்ளைகளை அனுப்புகிற யாழ்ப்பாணப் பழக்கம் இங்கே சரிவராது. நன்றாக வெயில் ஏறிய பிறகு, ஒரு பெரியவர் முன்னால் போக, பிள்ளைகள் பின்னால்.

மின்வேலி போட்டவர்களில் பாதிப்பேர் அதைப் போட்டதோடு மறந்துவிடுகிறார்கள். கம்பியில் பாய்வது விட்டுவிட்டு வருகிற துடிப்பு. அடிக்கும், கொல்லாது. அந்த அடி யானைக்குப் பட வேண்டுமென்றால் கம்பியில் ஒரு புல்லும் முட்டக்கூடாது. முட்டினால் வலு எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும். மாரியில் கிழமைக்கு ஒரு முறை கம்பிக்குக் கீழே செருக்க வேண்டும். கோடையில் வேறு சிக்கல். மண் காய்ந்து போனால் நிலத்துக்குள் அடித்த எர்த் கம்பி வேலை செய்யாது, வேலிக்குக் கரண்ட் அனுப்புகிற பெட்டி டிக் டிக் என்று அடித்துக்கொண்டேயிருக்கும், யானையோ சும்மா தாண்டிப் போகும். வறட்சிக் காலத்தில் எர்த் கம்பியடியில் நாளுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். குளிக்கிற தண்ணீர் அங்கே ஓடுகிற மாதிரி வாய்க்கால் வெட்டிவிட்டால் அந்த வேலையும் மிச்சம். சோலார் தகட்டில் தூசி படியவிடாதீர்கள், பட்டரித் தண்ணீரைப் பாருங்கள். மின்வேலியின் கட்டைகளுக்குப் பக்கத்தில் மரம் நின்றால் அதையும் கவனியுங்கள். இங்கத்தைய ஆண் யானைகளில் கொம்பன் அபூர்வம், கூடுதலாகக் கொம்பில்லாத அலியன்தான். அது மரத்தை முறித்துக் கம்பிமேல் போட்டுவிட்டு நடந்து போகும்.

வீட்டுக் கரண்டை நேரே வேலிக்குக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அதில் மாட்டுவது யானை மட்டுமில்லை, இரவில் வரம்பால் வருகிற மனிதரும்தான். மிருகம் தட்டினால் தானே வெடிக்கிற கட்டுத்துவக்கு, சுருக்கு, பன்றிவெடி மூன்றுக்கும் இதே பேச்சுத்தான். உங்கள் வளவில் அவை வேண்டாம், பக்கத்து வளவில் இருந்தால் எங்கே இருக்கிறது என்று முகத்துக்கு நேரே கேட்டு வையுங்கள்.

கென்யாவில் தோட்டத்தைச் சுற்றி ஏறத்தாழ 10 மீற்றருக்கு ஒரு தேன்கூடு தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கம்பியில் இணைத்து வேலி செய்கிறார்கள். யானை கம்பியைத் தட்டினால் கூடுகள் ஆடி தேனீ கிளம்பும், யானை ஓடும். எங்கள் நாட்டிலும் வஸ்கமுவப் பக்கம் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆபிரிக்கத் தேனீயின் கோபம் எங்கள் தேனீக்கு இல்லை. வறட்சியில் பூ இல்லாதபோது கூட்டை விட்டு எழும்பியும் போய்விடும். தேனுக்காக வையுங்கள், யானைக்காக நம்ப வேண்டாம்.

யானை வளவுக்குள் வந்துவிட்டால் கதவைத் திறந்து பார்க்கப் போகாதீர்கள். பிள்ளைகளை எழுப்பி, அது நிற்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்க அறைக்குக் கூட்டிப்போங்கள். உள்ளே இருந்தே தகரத்தைத் தட்டலாம். யானைவெடி வனஜீவராசிகள் திணைக்களத்தில் கொடுப்பார்கள். அதைப் பக்கவாட்டில் எறிய வேண்டும், யானையின் மேலே இல்லை. அது திரும்பி ஓட ஒரு பக்கத்தைத் திறந்து விடவும் வேண்டும். நாலு பக்கமும் நின்று கத்தினால் அது யாராவது ஒருவரின் மேலாகத்தான் போகும். குடித்துவிட்டு யானை கலைக்கப் புறப்படுகிற ஆண்பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வையுங்கள். இதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

வழியில் கண்டால், மோட்டார் சைக்கிளைத் தூரத்திலேயே நிறுத்தித் திருப்புங்கள். ஹோர்ன் அடிக்க வேண்டாம், லைட்டை முகத்துக்கு அடிக்க வேண்டாம். அது கடந்து போகட்டும் என்று காத்திருப்பதில் வெட்கமில்லை. ஓட்டத்தில் யானையை யாரும் வென்றதில்லை. பொழுதுபட்ட பிறகும் விடிவதற்கு முன்பும் நடக்க வேண்டிய அலுவல் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் கடைக்குப் போகிற வேலை நாலரை மணிக்கு முடிந்துவிடும். சீனி முடிந்தால் அன்றைக்கு வெறும் தேத்தண்ணிதான்.

பாம்பு

எல்லோரும் யானைக்குப் பயப்படுகிறார்கள். நான் விரியனுக்குத்தான் பயம். யானை வந்தால் தெரியும். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறவரைக் கடித்துவிட்டுப் போகும். வலியும் இராது, வீக்கமும் இராது. விடிய வயிற்றுவலி என்று எழும்புவார்கள், பிறகு கண்ணிமை விழும். பிள்ளைக்கு விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலியும் கண் சொருகலும் என்றால் ஓமத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இதற்குச் செய்யக்கூடியது சின்ன வேலைதான். நிலத்தில் படுக்காதீர்கள். கட்டிலில் படுத்து, நுளம்புவலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே சுற்றிவரச் செருகுங்கள். வலை நுளம்புக்கு மட்டுமில்லை, விரியனுக்கும் மட்டத்தேளுக்கும்தான். மாமி ஆரம்பத்தில் மூச்சுமுட்டுகிறது என்று வலைக்குள் படுக்க மறுத்தார். இப்போது பகலிலும் வலைக்குள்தான் படுக்கிறார், ஈ மொய்க்கிறதாம்.

புடையன் வேறு விதம். வயல், வைக்கோல், காய்ந்த சருகு, கிடுகு அடுக்கு. நெல் அருவி வெட்டுகிற காலத்தில் கடி கூடும். வயலுக்குப் போகிறவர் நீளக் காலணி போட வேண்டும். வைக்கோலையும் விறகையும் வீட்டுத் தாவாரத்தோடு அடுக்காமல், முற்றத்துக்கு அப்பால் கல்லின் மேல் உயர்த்தி அடுக்குங்கள். எடுக்கும் முன் தடியால் தட்டுங்கள். விறாந்தையில் கழற்றிய சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டிப் போடுவதை, பள்ளிக்கூடப் பையைத் தொங்கவிடுவதை, டோர்ச் இல்லாமல் முற்றத்தில் கால் வைக்காததை பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லுங்கள். அலுத்துப்போகும்வரை சொல்லுங்கள். எலியைக் குறைக்காமல் பாம்பைக் குறைக்க முடியாது. அதனால் நெல்லும் கோழித்தீனும் தகர வாளியில் இருக்கட்டும்.

கடித்துவிட்டால்: கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். கடித்த கையையோ காலையோ தடி வைத்து அசையாமல் கட்டுங்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், காப்பு, வெள்ளிக்கொலுசு எல்லாம் கழற்றுங்கள். வெட்டுவது, உறிஞ்சுவது, கல் வைப்பது ஒன்றும் வேண்டாம். 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ரோட்டு மோசமென்றால் அம்புலன்ஸ் வரும் இடம்வரை நீங்கள் வாகனத்தில் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம், தூர நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் சரி. விஷகடி வைத்தியரில் நம்பிக்கை உள்ளவர்களோடு நான் சண்டை பிடிப்பதில்லை. முதலில் ஆஸ்பத்திரி, வீடு திரும்பிய பிறகு வைத்தியர் என்று மட்டும் சொல்வேன். முல்லைத்தீவு மாவட்ட ஆஸ்பத்திரி மாஞ்சோலையில் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து அதுவா வவுனியாவா கிட்ட என்று நல்ல நாளிலேயே ஓடிப் பார்த்து வையுங்கள்.

காட்டுக்கும் குளத்துக்கும்

வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுத்தால் பிள்ளைகளை வீட்டில் மறித்து வைக்க முடியாது, எனக்கே வாயூறும். ஆனால் அந்தப் பழம் கரடிக்கும் அதே அளவு விருப்பம். மரத்தில் ஏறியே சாப்பிடும். சாப்பாட்டில் மூழ்கியிருக்கிற கரடிக்கு நீங்கள் வருவது தெரியாது. திடீரென்று கிட்டக் கண்டால் பயத்தில் பாயும், முகத்தைத்தான் பிறாண்டும். ஆகவே காட்டுக்குள் மௌனமாக நடக்காதீர்கள். நாலைந்து பேராய், சத்தமாய்க் கதைத்துக்கொண்டு, தகரப் பேணியைத் தட்டிக்கொண்டு போங்கள். மரத்தடிக்குப் போகும் முன் நின்று மேலே பாருங்கள். எங்கள் ஆட்கள் காட்டு வாசலில் ஐயனாருக்கு ஒரு குழை முறித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நம்பிக்கை இருக்கோ இல்லையோ செய்யுங்கள். அந்த ஒரு நிமிடம் நின்று காட்டைக் கேட்கிற நேரமும் ஆகிறது.

குளத்தில் முதலை உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற எல்லாம் ஒரே மடுவில் ஒதுங்கும். சிறு குளம் முழுதாய் வற்றினால் இரவில் தரையால் நடந்து அடுத்த குளத்துக்குப் போகும். ஊர் குளிக்கிற துறையில் மட்டும், வெயில் நேரத்தில் மட்டும் குளியுங்கள். தாமரைப் பூவுக்கு உள்ளே இறங்க வேண்டாம். மீன் வெட்டிய குடலைத் துறையில் எறிகிறவரைக் கண்டால் பேசுங்கள், அவர் உங்கள் மாமனாக இருந்தாலும்.

பயிரும் ஆடுகோழியும்

கச்சான் போட்டால் பன்றி கிண்டும், மயில் கிளறும். பழைய சீலைகளைச் சுற்றிவரக் கட்டுவது பாதி உதவும். கசெற் நாடாவை இழுத்துக் கட்டினால் காற்றில் இரைந்து கிளியைக் கொஞ்ச நாள் கலைக்கும், பிறகு கிளிக்கும் பழகிவிடும். குரங்குக்கு மருந்தில்லை, நாயும் பொறுமையும்தான். மரவள்ளியில் மூன்றில் ஒரு பங்கு முள்ளம்பன்றிக்கு என்று எண்ணியே நடுங்கள்.

கோழிக்கூட்டுக்குச் சின்னக் கண்ணுள்ள வலை அடியுங்கள். பெரிய கண் என்றால் வெங்கிணாந்தி என்கிற மலைப்பாம்பு உள்ளே போய், கோழியை விழுங்கி, வெளியே வர முடியாமல் படுத்திருக்கும். ஆட்டுக் கொட்டில் வீட்டோடு, மேலும் கீழும் அடைத்து இருக்க வேண்டும். இரவில் நாயைக் கட்டிப்போட வேண்டாம், உள்ளே எடுங்கள். கட்டிய நாய் சிறுத்தைக்கு வைத்த சாப்பாடு. நாய்க்கு விசர் ஊசி ஒவ்வொரு வருடமும் போடுங்கள். சிறுத்தை ஊருக்குள் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் பார்க்கப் போகாதீர்கள். 2018 ஆனியில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சனம் கூடிய இடத்தில் பலர் காயம்பட்டார்கள், சிறுத்தையையும் அடித்துக் கொன்றார்கள், பிறகு அந்த வீடியோவைப் பார்த்துக் கைதும் நடந்தது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992. சேதம் நடந்தால் படம் எடுத்து, விதானையாரிடமும் பொலிஸிலும் உடனே பதிந்தால்தான் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

விறாந்தைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். 1990, 1992, பக்கத்து இரண்டு வீடுகள், கமக்காரர் அமைப்புத் தலைவர், அப்புறம் இரவில் கூப்பிட்டாலும் வருகிற ஆட்டோக்காரர் ஒருவர். எங்கள் ஒழுங்கையில் யானையை முதலில் காண்கிற வீடு அடுத்த வீட்டுக்குப் போன் அடிக்கும், அவர்கள் அதற்கடுத்த வீட்டுக்கு. புதிதாக வருகிறவர்கள் வந்த கிழமையே அந்த வரிசையில் சேர்ந்துவிடுங்கள். ஆட்டோக்காரருக்குத் தைப்பொங்கலுக்குப் பொங்கலும், நெல் வெட்டினால் ஒரு மரைக்கால் புது அரிசியும் அனுப்புங்கள். நடுச்சாமத்தில் காட்டு ரோட்டால் வரச் சம்மதிக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் இல்லை.